மின்னணு விரலும் நம் கைத்தொழிலும்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய சொற்பொழிவு)



விழா மேடையில் தலைமையாசிரியர் ஒருவரைப் பேச அழைத்தால் அவர் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவார் என்றே அவையோர் எதிர்பார்ப்பர். அச்சிறப்பை இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செயலில் காட்டி வந்திருப்பதால் அதைச் சொல்லில் காட்டும் பொறுப்பிலிருந்து நாம் விடுதலை பெற்றவராகிறோம். எனவே வேறொன்றைப் பற்றிப் பேச எண்ணியுள்ளோம். நுழைவாயிலுக்கு அருகே ஒரு மேசைமீது விரல் போன்ற ஒரு பொருள் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. அதன் அருகே கறுப்புக் கையுறை ஒன்றும் கிடக்கிறது. கையுறையை அணிந்து உங்கள் ஆள்காட்டி விரலை மடக்கினால் அந்தச் செயற்கை விரலும் மடங்கும், நிமிர்த்தினால் நிமிரும். எம் பள்ளி மாணவர்களும், இக்கழகத்தின் மாலைநேரப் பயிற்சி இல்லத்து இளைஞர்களும் சேர்ந்து செய்தது அது. அது எவ்வாறு செய்யப்பட்டது, எதற்காகச் செய்யப்பட்டது, அதனால் எது முடியும், எது முடியாது என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

நாம் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவர்; மின்னணுவியல் எமக்குப் பாடமாக வந்ததில்லை. ஆதலால் வரலாற்றிலிருந்தே தொடங்குவதைப் பொறுத்தருள வேண்டும். எகிப்து நாட்டில் லக்சர் நகருக்கு அருகே உள்ள பழங்கல்லறை ஒன்றில் ஒரு பெண்மணியின் பாதத்தோடு பொருந்தியிருந்த செயற்கைக் கட்டைவிரல் கண்டெடுக்கப்பட்டது. ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. மரத்தாலும் தோலாலும் ஆனது. வெறும் அழகுக்காகச் செய்ததன்று. நடப்பதற்கே செய்தது என்பதை ஆராய்ச்சியாளர்கள் அதே வடிவில் மற்றொன்றைச் செய்து, கால்விரல் இழந்தவர்களை அணியச் செய்து சோதித்துக் கூறினர். மரம் செதுக்கியவனும் தோல் தைத்தவனும் கூடிச் செய்த கருவி அது. அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 1968ஆம் ஆண்டு உருவான ஜெய்ப்பூர்க் கால் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தி அவர்களின் பெயர் அதனுடன் சேர்ந்து உலகெங்கும் பரவியது. 1981இல் மக்சேசே விருதும் அவருக்கு வழங்கப்பட்டது. தகுதியுள்ளவருக்குக் கிடைத்த விருதே. ஆயினும், அக்காலை ரப்பரிலும் மரத்திலும் வடித்தெடுத்த ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரை எத்தனை பேர் அறிவர்? பள்ளிப் படிப்பு மிகக் குறைவாகவே பெற்றவர் அவர். தரையில் சம்மணமிட்டு அமரவும், வயலில் வெறுங்காலோடு நடக்கவும் நம் நாட்டு மக்களுக்கு எத்தகைய கால் வேண்டும் என்பதை அவர் கை அறிந்திருந்தது. மருத்துவரின் அறிவும் கைவினைஞரின் கையும் ஓரிடத்தில் கூடியதால் விளைந்தது அது. இதனை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

விரலைச் செய்யப் புகுமுன், விரல் என்பது என்ன என்று பார்த்தோம். உங்கள் வலக்கையால் இடது முன்கையைப் பற்றிக்கொண்டு இடக்கை விரல்களை மடக்கிப் பாருங்கள். முன்கைக்குள் ஏதோ அசைவதை உணர்வீர்கள். விரலை மடக்கும் தசை விரலில் இல்லை; முன்கையில் உள்ளது. அங்கிருந்து வலிமையான நாண்கள் மணிக்கட்டைக் கடந்து, உள்ளங்கை வழியே ஓடி, விரலெலும்புகளில் சென்று பற்றுகின்றன. ஒரு நாண் நடு எலும்போடு நிற்கிறது. மற்றொன்று நுனியெலும்பு வரை போகிறது. நாண் எலும்பைவிட்டு விலகி வில்லின் கயிறு போல் எழும்பிவிடாதபடி சிறு சிறு வளையங்கள் அதனை எலும்போடு அணைத்துப் பிடிக்கின்றன. சுருங்கச் சொன்னால், விரல் என்பது தொலைவிலிருந்து கயிற்றால் இழுக்கப்படும் பொம்மலாட்டப் பொம்மையே.

மாணவர்கள் இந்த அமைப்பை அப்படியே பின்பற்றினர். விரலெலும்புகள் மூன்றுக்கும் பதிலாக, மின்கம்பி செலுத்தும் பி.வி.சி. குழாயில் மூன்று துண்டுகள் வெட்டப்பட்டன. மடங்கும்போது ஒன்றையொன்று இடிக்காதவாறு துண்டுகளின் உட்புற விளிம்புகள் அரத்தால் சாய்வாக ராவப்பட்டன. நாணுக்குத் தூண்டில் நரம்பு. வளையங்களுக்குக் குளிர்பானம் உறிஞ்சும் குழலின் சிறு துண்டுகள். நிமிர்த்துவதற்குப் புறப்பக்கத்தில் எலாஸ்டிக் நூல். எஞ்சியது மூட்டு.

மூட்டுக்குச் சிலர் தகரக் கீல் வைத்தனர், கனமாயிற்று. சிலர் சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டினர், பக்கவாட்டில் நெளிந்தது. அப்போது ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், “தோல் வைத்துத் தைத்தால் என்ன, ஐயா?” என்றான். அவனுடைய பாட்டனார் ஐம்பது ஆண்டுகள் செருப்புத் தைத்தவர். அவரை அழைத்து வரச் சொன்னோம். வந்தவர் பயிற்சி இல்லத்தின் படியிலேயே நின்றுகொண்டு, “இந்த ஊசியை என் பேரன் தொடக்கூடாது என்றுதானே ஐயா, அவனைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பினேன்?” என்று கேட்டார்.

அவையோரே, இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தலைமுறை தலைமுறையாக நம்மவர் கையில் திணிக்கப்பட்ட கருவிகள் அவை. நாம் விரும்பி எடுத்தவை அல்ல. கீழே வைக்க விடப்படாதவை. அவற்றோடு வசவும் வந்தது, கூலிக்குறைவும் வந்தது. ஆகவே, கருவி பிடித்த கை எழுதுகோல் பிடிக்க வேண்டும் என்று நம் மூத்தோர் நினைத்தது முற்றிலும் நியாயம். இக்கழகமும் அந்நினைப்பில்தான் பிறந்தது. எனினும், அதிலிருந்து மற்றொரு பழக்கமும் நம்மிடையே வளர்ந்துவிட்டதைக் காண்கிறோம். கையால் செய்யும் எதையும் தாழ்வென்று எண்ணி, மேசைக்கு முன் அமரும் வேலை ஒன்றையே கல்வியின் பயன் என்று கொள்கிறோம். பொறியியல் பட்டம் பெற்ற நம் இளைஞர் சிலர் சால்டரிங் கம்பியைப் பிடித்தறியாமல் இருக்கக் காண்கிறோம். நோக்கத்தில் பிழையில்லை, ஆனால் அறுவை மருத்துவரும் கையால் வேலை செய்பவரே. தாழ்வு, தொழிலை ஒருவர்மேல் பிறப்பால் சுமத்தியவர்களிடமிருந்து வந்தது. தோலைத் தைக்கும் அறிவிலிருந்து வந்ததன்று.

இதையெல்லாம் அப்பெரியவரிடம் நாம் சொற்பொழிவாக நிகழ்த்தவில்லை. மேசைமீது கிடந்த நெளிந்த மூட்டை மட்டும் அவர் கையில் கொடுத்தோம். சற்று நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதை ஒட்டக்கூடாது, தைக்கணும். தோலின் நீளவாக்கைப் பார்த்து வெட்டணும், இல்லாவிட்டால் இழுத்துக்கொண்டே போகும்” என்றார். பிறகு வீட்டுக்குப் போய்க் குத்தூசியும் மெழுகு நூலும் கொண்டுவந்தார். இன்று மேசைமீதுள்ள விரலின் மூன்று மூட்டுகளும் அவர் சொல்லித்தர அவருடைய பேரன் தைத்தவை. ஆயிரக்கணக்கான முறை மடங்கியும் இன்னும் தையல் விடவில்லை.

இனிக் கணக்கு. விரலை முழுதும் மடக்க நாணை எவ்வளவு இழுக்க வேண்டும்? மூன்று மூட்டுகளும் மடங்கும் கோணங்களைக் கூட்டினால் ஏறத்தாழ 260 பாகை வருகிறது. மூட்டின் அச்சிலிருந்து நாண் 7 மில்லிமீட்டர் தள்ளி ஓடுகிறது. ஆரம் 7 ஆனால் அரைவட்டத்தின் நீளம் 22 என்பது எட்டாம் வகுப்புப் பாடம். 180 பாகைக்கு 22 மில்லிமீட்டர் என்றால் 260 பாகைக்கு ஏறத்தாழ 32 மில்லிமீட்டர். இனி, இழுப்பதற்கு நாம் கொண்ட சர்வோ மோட்டாரின் கரம் 180 பாகை சுழலக்கூடியது. கரத்தின் நீளம் 16 மில்லிமீட்டர் எனில், அதன் முனை ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் செல்லும்போது இருமடங்காகிய 32 மில்லிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. கணக்கும் கருவியும் இவ்வாறு கரும்பலகையில் வந்து பொருந்தியபோது, கணக்குப் பாடத்தில் எப்போதும் பின்தங்கியிருந்த மாணவி ஒருத்தி எழுந்து நின்று கைதட்டினாள். பள்ளிகளில் இத்தகைய கைதட்டல் அரிது.

சர்வோ மோட்டார் என்பது என்ன என்று சிலர் கேட்கலாம். பொம்மைக் காரில் உள்ள மோட்டார் மின்சாரம் கொடுத்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். சர்வோ அப்படியன்று. எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று ஆணையிட்டால் அங்கே போய் நிற்கும். விலகினால் தானே திரும்பி வரும். ஆணை, துடிப்பு வடிவில் செல்கிறது. ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் நீடிக்கும் துடிப்பு ஒரு கோடியைக் குறிக்கும்; இரண்டு பங்கு நேரத் துடிப்பு மறுகோடியை நோக்கிச் செலுத்தும். நொடிக்கு 50 முறை இத்துடிப்பு அனுப்பப்படும். நாம் பயன்படுத்திய எஸ்.ஜி. 90 என்னும் சிறு சர்வோவின் எடை 9 கிராம் மட்டுமே. விமானப் பொம்மைகளுக்காகச் செய்யப்படுவது.

ஆணையிடும் மூளை, ஆர்டுயினோ என்னும் பலகை. இத்தாலி நாட்டில் ஈவ்ரேயா என்னும் ஊரில் 2005ஆம் ஆண்டு, மின்னணுவியல் படிக்காத மாணவர்களும் கருவிகள் செய்து பழக வேண்டும் என்பதற்காகவே உருவாக்கப்பட்டது. அதன் வரைபடத்தை எவரும் பார்க்கலாம், எவரும் செய்யலாம் என்று பொதுவில் வைத்துவிட்டார்கள். அதனால்தான் மலிவான நகல்கள் நம் ஊர்க் கடைகள் வரை வந்து சேர்ந்துள்ளன. அறிவைப் பூட்டி வைக்காதவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் நாம் நன்றி பாராட்டக் கடமைப்பட்டவர்கள். பூட்டிய கதவுகளை நாம் நன்கு அறிவோம் அல்லவா?

விரலின் மடிப்பை உணர்வதற்கு ஒரு கருவி வேண்டும். வளைந்தால் மின்தடை கூடும் பட்டைகள் கடையில் கிடைக்கின்றன. ஆனால் அதன் விலை, மற்றெல்லாப் பொருள்களின் விலையையும் மிஞ்சி நின்றது. எனவே நாங்கள் ஒரு பழைய வழியை மேற்கொண்டோம். 1977ஆம் ஆண்டு அமெரிக்காவில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் சிகாகோக் கிளையில் சேயர் கையுறை என்ற ஒன்றைச் செய்தனர். வளையக்கூடிய குழாயின் ஒரு முனையில் விளக்கு, மறுமுனையில் ஒளியை உணரும் கருவி. குழாய் நேராக இருந்தால் ஒளி நிறையச் சேரும், வளைந்தால் குறையும். இவ்வளவே. நாங்கள் கறுப்பு ரப்பர்க் குழாயில் ஒரு துண்டும், ஒரு சிறு எல்.இ.டி. விளக்கும், ஒளி பட்டால் மின்தடை குறையும் எல்.டி.ஆர். ஒன்றும் கொண்டு அதைச் செய்துகொண்டோம். குழாயைக் கையுறையின் ஆள்காட்டி விரல்மீது தைத்தோம்.

எல்.டி.ஆர். உடன் 10,000 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக இணைத்து 5 வோல்ட் கொடுத்தால், இரண்டும் சேரும் இடத்தில் மின்னழுத்தம் ஒளிக்கேற்ப ஏறி இறங்கும். பலகை அதனைச் சுழியிலிருந்து 1023 வரையுள்ள ஓர் எண்ணாக வாசிக்கும். எங்கள் கையுறையில் விரல் நேராக இருக்கையில் 720, முழுதும் மடங்குகையில் 360 எனக் காட்டியது. வேறுபாடு 360. இது 180 பாகைக்கு ஈடாவதால், இரண்டு எண் குறைந்தால் சர்வோ ஒரு பாகை திரும்ப வேண்டும். 540 என்று வாசித்தால் 90 பாகை. பலகைக்கு எழுதப்பட்ட நிரலின் சாரம் இவ்வளவே; இருபது வரிக்குள் அடங்கிவிட்டது. உங்கள் குழாயில் வேறு எண்கள் வரலாம். அவ்வெண்களை அளந்து இட வேண்டுமேயன்றி எங்கள் எண்களைப் படியெடுத்தல் கூடாது.

செய்ய விரும்பும் இளைஞர்களுக்குச் சில எச்சரிக்கைகள். குழாயின் இரு வாய்களையும் கறுப்பு நாடாவால் நன்கு மூடாவிடில், பகலில் ஓர் எண்ணும் மாலையில் ஓர் எண்ணும் வரும். விரல் பேய் பிடித்தது போல் ஆடும். ஒரே வாசிப்பை நம்பாமல் பத்து வாசிப்பின் சராசரியைக் கொண்டால் நடுக்கம் அடங்கும். சர்வோவுக்குரிய மின்சாரத்தைப் பலகையிலிருந்து எடுக்க வேண்டாம். அது புறப்படும்போது மிகுதியாக இழுத்துப் பலகையை மயக்கமுறச் செய்துவிடும். தனியாக நான்கு பேட்டரி வையுங்கள். ஆனால் இரண்டின் எதிர்முனைகளையும் ஒன்றாக இணைக்க மறவாதீர்கள். இணைக்காவிடில் ஆணை போய்ச் சேராது. இவற்றைப் படித்து அறிவதைவிடச் செய்து அறிவது விரைவு.

இவ்வளவும் செய்தபின் விரல் மடங்கியது. பத்திரிகை நிருபர் ஒருவர் வந்து, விரலிழந்தோருக்கு மறுவாழ்வு என்று எழுதிக்கொள்ளலாமா எனக் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஏன் என்பதையும் கணக்கே கூறும். அந்தச் சர்வோவின் உச்ச முறுக்குவிசை 1.8 கிலோகிராம் சென்டிமீட்டர். கரம் 1.6 சென்டிமீட்டர் என்பதால் நாணில் ஏறத்தாழ 1.1 கிலோ இழுப்பு. நாணுக்கும் அச்சுக்கும் 7 மில்லிமீட்டர். அச்சிலிருந்து விரல்நுனிக்கு 70 மில்லிமீட்டர். ஆகவே நெம்புகோல் விதிப்படி நுனியில் பத்தில் ஒரு பங்கே எஞ்சும். அதாவது 110 கிராம். உராய்வுக்கும் எலாஸ்டிக்குக்கும் ஒரு பங்கு போய்விடும். எனவே இவ்விரல் சுண்ணக்கட்டியைப் பிடிக்கும். வெறும் பிளாஸ்டிக் தம்ளரைத் தூக்கும். நீர் நிறைந்த சொம்பைத் தூக்காது. மண்வெட்டியைப் பிடிக்கவே பிடிக்காது. நம்மவர் விரலை இழப்பது பெரும்பாலும் மண்வெட்டி பிடிக்கும் கைகளிலிருந்தும் இயந்திரத்தில் வேலை செய்யும் கைகளிலிருந்தும்தான்.

இன்னொரு குறையும் உண்டு. இவ்விரலுக்கு உணர்ச்சி இல்லை. உணர்ச்சியற்ற விரலின் துன்பத்தை நன்கு அறிந்தவர் மருத்துவர் பால் பிராண்ட். நம் வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியவர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு, ஒரு தசையின் நாணை வேறிடத்துக்கு மாற்றித் தைத்து இயக்கம் தந்தவர். நோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை; வலியை உணராததால் சூட்டிலும் கூர்மையிலும் காயமுற்றுக் காயமுற்றே அழிகின்றன என்பதை அவர் எடுத்துக்காட்டினார். வலி ஒரு காவல் என்பது அவர் கண்டது. எங்கள் விரலின் நுனியிலும் இப்போது ஒரு காவலை வைக்க முயல்கிறோம். மின்னணுச் சில்லுகளைச் சுற்றி வரும் கறுப்புப் பஞ்சை இரண்டு செப்புத் தகடுகளுக்கிடையே வைத்தால், அழுத்தம் கூடக்கூட மின்தடை குறைகிறது. அந்த எண் ஓரெல்லையைக் கடந்தால் சர்வோ நின்றுவிட வேண்டும் என நிரலில் சேர்க்க வேண்டும். தக்காளியை நசுக்காமல் பிடிக்கும்போது அது முடிந்ததாகக் கொள்வோம். இதுவரை நான்கு தக்காளி போயிற்று.

மறுகையின் கையுறை கொண்டு இயக்குவது கண்காட்சிக்கு நன்று, வாழ்க்கைக்கு ஏற்றதன்று. ஒரு கை வேலை செய்ய மற்றொரு கையும் மடங்கிக் கொண்டிருந்தால் பயன் என்ன? ஆனால் முன்பு கூறியதை நினையுங்கள். விரல் போனாலும் அதனை இழுத்த தசை முன்கையில் உயிரோடு இருக்கிறது. அத்தசை சுருங்கும்போது தோலின்மேல் மிகச் சிறிய மின்னழுத்தம் தோன்றும். ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கும் அதற்குக் குறைவும். ஒட்டும் மின்முனைகளால் அதைப் பிடித்துப் பெருக்கினால், இழந்த விரலை மடக்க நினைத்த நினைப்பே ஆணையாகிவிடும். விலையுயர்ந்த மின் கைகள் பல இம்முறையில்தான் இயங்குகின்றன. அடுத்த ஆண்டு இதில் இறங்கலாம் என்கின்றனர் மாணவர்கள். உடலில் மின்முனை ஒட்டியிருக்கும்போது பேட்டரியைத் தவிரச் சுவர் மின்சாரத்தின் பக்கமே போகக்கூடாது என்னும் கட்டளையின்பேரில் இசைந்துள்ளோம்.

இவையெல்லாம் மாணவர்களின் ஆர்வம். இம்முயற்சி தொடங்கியதற்கு வேறொரு காரணம் உண்டு. எம் பள்ளி மாணவி ஒருத்தியின் தந்தையார், 2021ஆம் ஆண்டு ஒரு சிறு பட்டறையில் பிரஸ் இயந்திரத்தில் வலக்கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் இழந்தார். அப்போது அவருக்கு வயது 40. மாதக் கூலி 10,000 ரூபாய். இயந்திரத்துக்குக் காப்பு மறைப்பு இல்லை. மருத்துவச் செலவும் 15,000 ரூபாயும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவரும் அதைப் பெரிய மனசு என்றே கருதினார்.

விரல் செய்யும் குழுவிலேயே இருந்த இரண்டு மாணவர்களிடம், இக்கழகத்தின் வழக்குரைஞர் ஒருவர் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தைக் கொடுத்துக் கணக்கிடச் சொன்னார். 1923ஆம் ஆண்டின் அச்சட்டம், ஈட்டுந்திறன் இழப்பை உறுப்புவாரியாக அட்டவணையிட்டிருந்தது. கட்டைவிரல் 30 விழுக்காடு. ஆள்காட்டி விரல் முழுமையும் 14. நடுவிரல் 12. சுண்டுவிரல் 7. ஒரு கையின் இரண்டு விரல்கள் சேர்ந்து போனால் 20. மனிதனின் உடம்பைப் பங்கு பிரித்து எழுதிய அப்பட்டியலைப் படிக்கும்போது மனம் கூசுகிறது. ஆனால் பட்டியல் இல்லாத காலத்தில் ஒன்றுமே கிடையாது என்பதையும் நினைக்க வேண்டும். கணக்கு இவ்வாறு: மாதக் கூலியில் 60 விழுக்காடு 6,000 ரூபாய். 40 வயதுக்குச் சட்டம் குறித்த பெருக்கெண் 184.17. பெருக்கினால் 11,05,020. அதில் 20 விழுக்காடு 2,21,004 ரூபாய். பதினைந்தாயிரம் எங்கே, இரண்டு லட்சத்து இருபத்தோராயிரம் எங்கே! கணக்கைப் போட்ட மாணவர்கள் மூன்று முறை சரிபார்த்தனர். இரண்டு ஆண்டுக்குள் கோர வேண்டும் என்பது விதி. தாமதத்துக்குப் போதிய காரணம் காட்டினால் ஏற்கும் அதிகாரம் ஆணையருக்கு இருந்ததால், 2024இல் மனு அளிக்கப்பட்டது. விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. முடிவு எதுவாயினும், இயந்திரத்தில் வேலை செய்யும் நம் இளைஞர் ஒவ்வொருவரும் விபத்து நடந்த அன்றே அதனை எழுத்தில் பதிவு செய்விக்க வேண்டும். மருத்துவமனைச் சீட்டைக் கிழித்தெறியக் கூடாது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு எழுதாத தாளில் கையொப்பம் இடவும் கூடாது.

அம்மனிதருக்காகவே விரல் செய்யத் தொடங்கினோம். விரல் மடங்கிய நாளில் அவரை அழைத்துக் காட்டினோம். வியந்தார், பிள்ளைகளைப் பாராட்டினார். பின்னர்த் தயங்கித் தயங்கி, “சார், எனக்கு மடங்குகிற விரல் வேண்டாம். வாளியைத் தூக்கினால் கைப்பிடி நழுவிப் போகிறது. அது நழுவாமல் இருந்தால் போதும்” என்றார்.

மாணவர்களின் முகம் வாடியது உண்மை. அன்று அவர்களுக்கு ஒரு தச்சரின் வரலாற்றைச் சொன்னோம். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் ரிச்சர்ட் வான் ஆஸ் என்னும் தச்சர், 2011ஆம் ஆண்டு பட்டறை விபத்தில் வலக்கை விரல்களை இழந்தார். விற்பனையிலிருந்த செயற்கை விரல்களின் விலை அவரால் எட்ட முடியாததாக இருந்தது. பல்லாயிரம் மைலுக்கு அப்பால் அமெரிக்காவில், மாறுவேட உடைக்காகப் பெரிய இயந்திரக் கை ஒன்றைச் செய்திருந்த ஐவன் ஓவன் என்பவரைத் தேடிப் பிடித்தார். இருவரும் கூடிச் செய்ததில் மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை. எஞ்சியிருக்கும் மூட்டின் அசைவே கயிற்றை இழுத்து விரலை மடக்கியது. பின்பு விரலின்றிப் பிறந்த குழந்தைகளுக்கான கையாக அது வளர்ந்தது. முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் எவரும் செய்துகொள்ளும்படி 2013இல் அதன் வடிவங்களைப் பொதுவில் வெளியிட்டனர். மின்னணுவியல் எல்லாவிடத்தும் தேவையில்லை என்பதை மின்னணுவியல் கற்றவனே சொல்ல வேண்டும். கற்காதவன் சொன்னால் இயலாமை என்பார்கள்.

இத்துறையையே தொழிலாகக் கொள்ள விரும்புவோருக்கு ஒரு செய்தி. செயற்கை உறுப்புகளை வடிவமைக்கவும் பொருத்தவும் தனிப் பட்டப்படிப்பு உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பாடங்கள் படித்திருக்க வேண்டும். ஒடிசாவில் கட்டாக்குக்கு அருகே ஒலத்பூரில் உள்ள தேசிய மறுவாழ்வு நிறுவனம் அதைக் கற்பிக்கும் இடங்களில் ஒன்று. மருத்துவப் படிப்புக்கு மதிப்பெண் எட்டவில்லை என்று சோர்ந்திருக்கும் நம் பிள்ளைகளில் ஒருவரேனும் அப்பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டுமென விரும்புகிறோம். உயிரியலும் இயற்பியலும் கைத்திறனும் ஒன்றாகக் கேட்கும் படிப்பு அது. அத்தகைய பயிற்சி பெற்றவர் பார்த்து இசைவளிக்காமல், நாமே செய்ததை எவருடைய உடலிலும் கட்டிவிடக் கூடாது. வெட்டுண்ட விரலின் எஞ்சிய நுனியில் தோல் மெல்லியது. தவறாக உரசினால் புண்ணாகிவிடும்.

வாளிக்கான கருவி இப்போது ஒருவாறு வடிவம் பெற்றுள்ளது. அலுமினியத் தகட்டில் வளைத்த ஒரு கொக்கி, உள்ளங்கையைச் சுற்றி வரும் தோல் பட்டை, மணிக்கட்டில் ஒரு கொளுவி. தைத்தவர் அதே பாட்டனார். தகட்டை வளைத்தவர்கள் பத்தாம் வகுப்பு மாணவர்கள். அரசு மருத்துவமனை எலும்புப் பிரிவில் காட்டியபோது, பட்டையின் உள்விளிம்பு தழும்பின்மேல் உரசுகிறது, மாற்றிவாருங்கள் என்றார்கள். பெரியவர் விளிம்பைச் சீவி, உட்புறம் மெல்லிய ஆட்டுத்தோல் வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறார். வருகிற செவ்வாய்க்கிழமை மறுபடியும் எடுத்துச் செல்ல வேண்டும். மேசைமீதுள்ள மின்னணு விரலை மாலை ஆறு மணி வரை எவரும் இயக்கிப் பார்க்கலாம். குழந்தைகள் கையுறையை வேகமாக இழுக்காமல் பார்த்துக்கொள்ளுமாறு பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம்.